1943 ஃபோர்டு ஜீப்: ஸ்டீயரிங் ஆட்டமும் சேஸிஸ் விரிசலும், எதிலிருந்து தொடங்குவது?

தேயிலைச்சரிவு:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொட்டகையில் பல ஆண்டுகளாக அசையாமல் நின்றிருந்த ஜீப் ஒன்றை நான்கு மாதங்களுக்கு முன் வாங்கினேன். ஆர்.சி. புத்தகத்தில் ‘ஃபோர்டு, 1943’ என்று பதிவாகியிருக்கிறது. என்ஜினைப் பற்றிக் கவலையில்லை. கார்புரேட்டரைக் கழுவி, டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்டை மாற்றியதும் இரண்டாவது நாளே உயிர் வந்துவிட்டது. கவலையெல்லாம் அதற்குக் கீழே இருப்பதைப் பற்றித்தான். அமெரிக்க ராணுவம் தன் பதிவேடுகளில் இந்த வண்டியைக் கால் டன் டிரக் என்றே குறித்தது என்பதால் பழைய ராணுவ டிரக்குகளுக்கான இந்தப் பகுதியில் எழுதுகிறேன். ஜீப் வேறு, டிரக் வேறு என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வண்டியின் நிலை இதுதான். ஸ்டீயரிங் வீலை இரு பக்கமும் நான்கு விரற்கடை திருப்பிய பிறகே முன்சக்கரங்கள் அசைகின்றன. மணிக்கு 35, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கினால் முன்சக்கரங்கள் இரண்டும் உதறத் தொடங்கி, ஏறக்குறைய வண்டியை நிறுத்தும்வரை உதறிக்கொண்டே இருக்கின்றன. பிரேக்கை மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது.

இந்த வண்டியை யாரோ எப்போதோ வலப்பக்க ஸ்டீயரிங்காக மாற்றியிருக்கிறார்கள். சேஸிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டகத்தின், இடப்பக்க நீளச் சட்டத்தில் பழைய ஸ்டீயரிங் பாக்ஸ் இருந்த இடத்தில் மூன்று போல்ட் துளைகள் வெறுமையாக இருக்கின்றன. வலப்பக்கத்தில் 6 மி.மீ. தகடு ஒன்றைச் சுற்றிலும் வெல்டிங் செய்து, அதன்மேல் மகிந்திரா ஜீப்பின் பாக்ஸைப் பொருத்தியிருக்கிறார்கள். அந்தத் தகட்டின் கீழ் மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, சட்டத்தின் அடி உதட்டைக் கடந்து, பக்கச் சுவரில் ஏறக்குறைய 70 மி.மீ. ஏறியிருக்கிறது.

ஊரிலுள்ள மெக்கானிக், பாக்ஸைப் புதிதாக மாற்றிவிட்டு, விரிசலின் மேல் இன்னும் கனமான தகடு ஒன்றை வைத்து ஓட்டிவிடலாம் என்கிறார். இன்னொருவர் சேஸிஸையே காயலான் கடையில் போட்டுவிட்டு மகிந்திரா சேஸிஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

தூக்குக்குண்டு:

நண்பருக்கு வணக்கம். நான் ராணுவத்தின் இ.எம்.இ. (மின்னணு, இயந்திரப் பொறியாளர்) பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வாகனப் பழுதுபார்ப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பிரிவு உருவானதும் உங்கள் வண்டி பிறந்த அதே 1943ஆம் ஆண்டில்தான், அக்டோபர் 15 அன்று. ஆகவே உங்கள் ஜீப்பின்மீது எனக்குக் கொஞ்சம் சகோதரப் பாசம் உண்டு.

ஸ்டீயரிங் பாக்ஸை இப்போது தொடவே வேண்டாம். ஆட்டம் கையில் தெரிகிறது என்பதற்காக எல்லாரும் கைக்கு மிக அருகில் இருக்கும் பொருளைக் குறை சொல்கிறார்கள். பாக்ஸின் பக்கத்திலுள்ள ஸ்குரூவை முடுக்கி ஆட்டத்தைக் குறைத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பும் பட்டறைகள் ஏராளம். அப்படி முடுக்கிய பாக்ஸ் ஆறு மாதத்தில் உள்ளே பள்ளம் விழுந்து பயனற்றுப் போகும். சேஸிஸ் முதலில், அச்சு அடுத்து, இணைப்புக் கம்பிகள் அதற்கடுத்து, பாக்ஸ் கடைசியில் என்பதே சரியான வரிசை. கோணலான சட்டத்தின்மேல் எவ்வளவு நல்ல பாக்ஸை வைத்தாலும் அது கோணலான இடத்திலிருந்தே வேலை செய்யும்.

சேஸிஸை அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கொத்தனாரிடமிருந்து தூக்குக்குண்டையும், தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தையும் வாங்கி வாருங்கள். உடலைக் கழற்றிவிட்டு, நான்கு ஸ்டாண்டுகளின்மேல் சேஸிஸை மட்டமாக நிறுத்துங்கள். முன்பக்க, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளின் ஆணிகள் அமரும் தாங்கிகள், பம்பர் போல்ட் துளைகள், குறுக்குச் சட்டங்களின் ரிவெட்டுகள் ஆகிய, இரு பக்கமும் ஒரே மாதிரி அமைந்த புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். பிறகு சேஸிஸைத் தள்ளிவிட்டு, தரையிலுள்ள புள்ளிகளின் மூலைவிட்டங்களை ஒன்றுடன் ஒன்று ஒப்பிடுங்கள். இரண்டும் 5 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் கவலையில்லை. அதற்குமேல் வேறுபட்டால் சேஸிஸ் சாய்சதுரமாகிவிட்டது என்று பொருள். இந்த வண்டியின் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 80 அங்குலம், அதாவது 2032 மி.மீ. இரண்டு பக்கமும் அந்தத் தூரம் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக்கில் ஒரு பக்கம் இழுப்பதற்கு இதுவே காரணமாக இருந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

கோணல் இருந்தால் குளிர்ந்த நிலையிலேயே சங்கிலியும் ஹைட்ராலிக் ஜாக்கியும் கொண்டு நிமிர்த்துங்கள். சூடாக்கியே தீர வேண்டும் என்றால் இருண்ட செந்நிறத்தைத் தாண்டக் கூடாது. அது ஏறக்குறைய 650 டிகிரி செல்சியஸ். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கவும் கூடாது.

இனி விரிசல். உங்கள் சட்டம் பலவீனத்தால் விரிசல் விடவில்லை என்றே நினைக்கிறேன். அந்த இடத்தில் வைத்த தகடு அளவுக்கு மீறிக் கனமாக இருப்பதால்தான் விட்டிருக்கிறது. சேஸிஸ் வளைந்து கொடுக்கும்படி செய்யப்பட்டது. மெல்லிய சட்டத்தில் ஓரிடத்தை மட்டும் 6 மி.மீ. தகட்டால் இறுக்கினால், வளைவெல்லாம் அந்தத் தகடு முடியும் மூலையில் வந்து குவியும். இன்னும் கனமான தகடு போட்டால் விரிசல் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிப் பிறக்கும், அவ்வளவுதான். பழைய தகட்டை முழுவதுமாக அரைத்து எடுங்கள். விரிசலின் உண்மையான முனையைக் கண்டுபிடிக்க அந்த இடத்தைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிடுங்கள். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பூச்சில் தலைமுடி அளவுக்கு ஈரக் கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் விரிசலைவிட அது எப்போதும் நீளமாகவே இருக்கும். அந்தக் கோடு முடியும் இடத்தில் 3 மி.மீ. துளையிட்டு, விரிசலை ‘வி’ வடிவத்தில் பிளந்து, ஈரமில்லாமல் சூடாக்கி வைத்த 7018 வெல்டிங் ராடால் நிரப்பி, இருபுறமும் சமமாக அரைத்துவிடுங்கள். உட்பக்கம் வலுத்தகடு வேண்டுமானால் அது சட்டத்தின் கனத்துக்கு மேல் போக வேண்டாம். அதன் இரு முனைகளும் மீன்வாலைப் போல நீண்டு குறுகட்டும். சட்டத்தின் குறுக்கே நேர்க்கோடாக வெல்டிங் செய்யாதீர்கள், உதட்டின் விளிம்பிலும் செய்யாதீர்கள்.

அச்சைக் கழற்றும்போது கிங் பின் பேரிங்குகளை, அதாவது முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும் முளையின் பேரிங்குகளை, பாருங்கள். மேலும் கீழுமாக இரண்டு டேப்பர் பேரிங்குகள் இருக்கும். 11590 என்ற எண்ணுள்ள கோன் என்ற உள்வளையமும் 11520 என்ற எண்ணுள்ள கப் என்ற வெளிவளையமும்தான் அங்கே அமர்பவை, இன்றும் கடைகளில் கிடைப்பவை. சக்கரம் பெரும்பாலும் நேராகவே நிற்பதால் அந்த உருளைகள் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. எனவே கப்பில் வரிவரியாகச் சிறு பள்ளங்கள் விழுந்திருக்கும். கப்பின் உட்புறத்தில் நகத்தை ஓட்டினால் சீப்பின் பல்லில் ஓட்டுவதுபோல் தட்டும். சக்கர உதறலுக்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். புதிய பேரிங் போட்ட பிறகு, எண்ணெய்த் தடுப்பு சீலையும், சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடையும் இணைக்காமல், ஸ்டீயரிங் கையின் டை ராட் துளையில் காய்கறிக்காரரின் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுங்கள். 4 முதல் 6 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.8 முதல் 2.7 கிலோ இழுப்பில் நக்கிள், அதாவது சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் மூட்டு, சீராக நகர வேண்டும். அதைவிட இலகுவாக நகர்ந்தால் ஷிம் என்ற மெல்லிய இடைத்தகட்டை எடுங்கள், கடினமாக நகர்ந்தால் சேருங்கள். எடுப்பதையும் சேர்ப்பதையும் மேலும் கீழும் சமமாகப் பங்கிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஜாயின்ட் மையம் விலகிப்போகும்.

சேஸிஸ் ஃபோர்டுடையதுதானா என்பதையும் சொல்லுங்கள். ரேடியேட்டருக்குக் கீழுள்ள முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் நிறுவனத்துடையது, கவிழ்த்த தொட்டிபோல் தட்டையாக இருந்தால் ஃபோர்டு. போர்க் காலத்தில் இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை ஒரே வரைபடத்தில் செய்தன என்றாலும் அந்தக் குறுக்குச் சட்டம் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். ஃபோர்டு செய்தவற்றின் போல்ட் தலைகளில்கூட அதன் முதலெழுத்தைக் காணலாம்.

கோப்புக்காரர்:

ஐயா சொன்ன தொழில்நுட்பத்தில் நான் தலையிடவில்லை. நண்பர் மகிந்திரா சேஸிஸ் வாங்குவதற்கு முன் ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும்.

2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவத்தில் பராமரிக்கப்பட்டு, சேஸிஸ், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிக்கே விண்டேஜ் என்ற தகுதி கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், அது பத்து ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். சேஸிஸை மாற்றினால் இந்தத் தகுதியை நீங்களே கையெழுத்திட்டு விட்டுக்கொடுப்பதாகும். விரிசலைப் பழுதுபார்ப்பது வேறு, சேஸிஸை மாற்றுவது வேறு. வேலைக்கு முன்பும் நடுவிலும் பின்பும் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் விளக்குவது எளிதாக இருக்கும்.

அடுத்தது எண். ஃபோர்டு சேஸிஸில் இடப்பக்க நீளச் சட்டத்தின் மேல்முகத்தில், என்ஜின் மவுண்ட்டுக்கு அருகே எண்ணைக் குத்தியிருப்பார்கள். வில்லிஸ் வண்டியில் அப்படி அல்ல, முன்பம்பருக்குப் பின்னால் இடச் சட்டத்தின் உட்புறத்தில் ஒரு தகடு ரிவெட் செய்யப்பட்டிருக்கும். மணலடித்துச் சுத்தம் செய்ய அனுப்புவதற்கு முன் இந்த இடத்தைப் பெயின்ட் ரிமூவரும் பழைய துணியும் கொண்டு கையாலேயே சுத்தம் செய்து, எண்ணைப் படித்து, மேலே கிரீஸ் தடவிக் கனமான டேப்பை ஒட்டி மறைத்துவிடுங்கள். தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் மணலடிப்பவர் அந்த இடத்தையும் சேர்த்துப் பளபளப்பாக்கிவிட்டார். எண் தேடி வந்த ஆய்வாளர் கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் அந்தச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அதன்பின் நடந்த அலைச்சலை எழுத இந்த இடம் போதாது.

ஸ்டீயரிங்கை மறுபடியும் இடப்பக்கத்துக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவைப் படித்துக்கொள்ளுங்கள். இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியைச் சாலையில் ஓட்ட, வேலை செய்யும் சைகைக் கருவி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இண்டிகேட்டர்கள் ஒழுங்காக எரிந்தால் அதில் சிக்கல் இல்லை.

கடைசல்காரன்:

லேத் பட்டறை வைத்திருக்கிறேன், பழைய ஜீப்புகளின் ஸ்டீயரிங் வேலை அடிக்கடி வரும். பாக்ஸ் கடைசியில் என்று ஐயா சொன்னதை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் என்றாலும் அதைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்பதால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்த வண்டியின் மூல பாக்ஸ் ராஸ் வகை. ஸ்டீயரிங் தண்டின் அடியில் திருகுபோல் பள்ளம் வெட்டிய கேம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் லீவரின் இரண்டு கூம்புக் குமிழ்கள் ஓடும். நடுவில் பள்ளம் சற்று இறுக்கமாகவும், ஓரங்களில் தளர்வாகவும் இருக்கும்படியே வெட்டியிருப்பார்கள், ஏனென்றால் நாம் பெரும்பாலும் ஓட்டுவது நேராகத்தான், தேய்வதும் அங்கேதான். ஆகவே சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஆட்டத்தைச் சரிசெய்தால், நேராக வரும்போது பாக்ஸ் பிடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங் வீலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றி எண்ணி, அதில் பாதிக்குத் திரும்பி வந்து, அந்த நிலையில் மட்டுமே பக்க ஸ்குரூவை முடுக்க வேண்டும். கையில் மெல்லிய பிடிப்பு ஒன்று தெரியும், அங்கே நிறுத்தி லாக் நட்டை இறுக்க வேண்டும். அதற்கு முன் தண்டின் மேல் கீழ் ஆட்டத்தை மேல் மூடிக்கு அடியிலுள்ள ஷிம்களால் சரிசெய்துவிட வேண்டும். டாஷ்போர்டில் தண்டைப் பிடித்திருக்கும் கிளாம்பை இந்த வேலை முடியும்வரை தளர்த்தி வையுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வளைந்து நிற்கும் தண்டு கொடுக்கும் இறுக்கத்தைப் பாக்ஸின் இறுக்கம் என்று நினைத்து ஏமாந்து போகிறார்கள்.

குமிழ்கள் தட்டையாகத் தேய்ந்திருந்தால் வெல்டிங் போட்டு அரைத்துத் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். நானே ஒரு காலத்தில் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன், இப்போது செய்வதில்லை. மேற்பரப்பின் கடினத்தன்மை போய்விடும், பிறகு குமிழும் தேயும், கேமையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பாக்ஸில் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும், 90ஆம் எண் போதும். ஆயில் ஒழுகுகிறது என்று சேஸிஸ் கிரீஸை அடைத்து வைத்திருப்பார்கள். கிரீஸ் மேல் பேரிங்குக்கு ஏறாது, அது காய்ந்தே கிடக்கும். ஐந்து ரூபாய் ஆயில் சீலை மாற்றச் சோம்பல்பட்டு ஐயாயிரம் ரூபாய்த் தண்டை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அச்சின்மேல் நிற்கும் பெல் கிராங்க்கைத்தான் நான் முதல் குற்றவாளி என்பேன். இந்த இடத்தில் ஐயாவோடு சிறு கருத்து வேறுபாடு. பாக்ஸிலிருந்து வரும் டிராக் லிங்க் பெல் கிராங்க்கைத் தள்ளுகிறது. பெல் கிராங்க்கிலிருந்து இரண்டு டை ராடுகள், ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும், இரு சக்கரங்களுக்கும் போகின்றன. உள்ளே இருப்பவை ஊசி பேரிங்குகள். சேறும் தண்ணீரும் புகுந்தால் அவை தண்டையே அரம்போல் அறுத்துவிடும். அங்கே அரை மி.மீ. ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங் வீலில் அது விரற்கடைக் கணக்கில் வந்து நிற்கும். ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை மெல்ல இப்படியும் அப்படியும் அசைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின்மேலும் உள்ளங்கையை வையுங்கள். எந்த மூட்டில் கை துடிக்கிறதோ அது போய்விட்டது.

வலப்பக்கமா இடப்பக்கமா என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வலப்பக்கமே இருக்கட்டும் என்பேன். மலைப்பாதையில் முன்னால் போகும் பேருந்தை இடப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு முந்துவது எவ்வளவு சிரமம் என்பது ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

தூக்குக்குண்டு:

கடைசல்காரர் பெல் கிராங்க்கைப் பற்றிச் சொன்னது சரி, நான் அதைத் தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். வலப்பக்கம் பற்றிய யோசனையை மட்டும் ஏற்க முடியவில்லை. காரணம் சாலை அன்று, டிராக் லிங்க்.

இந்த வண்டியின் முன்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் அசையாத ஆணி பின்முனையிலும், ஆடும் இணைப்பான ஷாக்கிள் முன்முனையிலும் இருக்கின்றன. குழியில் இறங்கும்போது அச்சு அந்தப் பின்முனையை மையமாகக் கொண்டு வில்போல் மேலும் கீழும் போகும். டிராக் லிங்க்கின் பாக்ஸ் பக்க முனையும் ஏறக்குறைய அதே உயரத்திலும் அதே இடத்திலும் இருந்தால், லிங்க்கும் அச்சும் ஒரே வட்டத்தில் நகரும், சக்கரம் தானாகத் திரும்பாது. மூல வடிவமைப்பில் இடப்பக்கத்தில் இது கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டது. உள்ளூரில் தகடு வைத்து மாற்றியவர்கள் பாக்ஸுக்கு எங்கே இடம் கிடைத்ததோ அங்கே வைத்திருப்பார்கள். லிங்க் சாய்ந்து நின்றால் ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங்கைத் தானே திருப்பும், நீங்கள் எழுதிய உதறலுக்குத் தொடக்கத் தட்டு அங்கிருந்தும் வரலாம். இடப்பக்க முன்பட்டைக்கு அடியில் முறுக்கு எதிர்ப்புப் பட்டை என்று ஒரு சிறு கூடுதல் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது பட்டை முறுக்கிக்கொண்டு ஸ்டீயரிங்கை இழுக்காமல் இருப்பதற்காகப் போர்க் காலத்திலேயே அதைச் சேர்த்தார்கள். நம் ஊரில் பட்டை கட்டுபவர்கள் அதைத் தேவையற்ற பொருள் என்று கழற்றி எறிந்துவிடுவது வழக்கம். முன்பட்டைகளில் இடமும் வலமும் வேறுவேறு என்பதையும் கவனத்தில் வையுங்கள், மாற்றிப் போட்டால் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும்.

ஷாக்கிள்களைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். அவற்றில் சிலவற்றுக்கு இடப்புரி உண்டு. இடப்புரி உள்ள ஷாக்கிளின் காலில் சிறு மேடு ஒன்றை வார்த்திருப்பார்கள், விரலால் தடவினாலே தெரியும். அது தெரியாமல் ஆறடிக் குழாயை மாட்டித் தவறான திசையில் இழுத்து முறித்த கதை எங்கள் பணிமனையிலேயே நடந்தது. இடப்பக்கச் சக்கர நட்டுகளும் இடப்புரிதான்.

தேயிலைச்சரிவு:

அனைவருக்கும் நன்றி. மூன்று மாதங்கள் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும், எழுத ஒன்றுமில்லாமல் இல்லை, கை முழுவதும் கிரீஸாக இருந்தது.

முன் குறுக்குச் சட்டம் தட்டையாகக் கவிழ்ந்த வடிவம், எனவே ஃபோர்டுதான். கோப்புக்காரர் சொன்ன இடத்தில் ஐந்து அடுக்குப் பெயின்டுக்கு அடியில் எண் கிடைத்தது. அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒரே ஓர் இலக்கம் மட்டும் பொருந்தவில்லை. சட்டத்தில் 8 என்று இருக்கிறது, புத்தகத்தில் 3 என்று எழுதியிருக்கிறார்கள். பெயின்ட் நிரம்பிய 8ஐப் பார்த்து யாரோ 3 என்று படித்திருக்க வேண்டும். மகிந்திரா சேஸிஸ் யோசனையை அன்றே கைவிட்டேன்.

மூலைவிட்டங்களில் 14 மி.மீ. வேறுபாடு இருந்தது. வலச் சட்டம் முன்பக்கம் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது, எப்போதோ மரத்திலோ பாறையிலோ மோதியிருக்கிறது. சூடாக்காமல் சங்கிலியால் இழுத்து 4 மி.மீ.க்குக் கொண்டுவந்தோம். அதற்கே இரண்டு நாட்கள் ஆகின. இழுத்ததும் நேராக வந்தது, விட்டதும் பாதி திரும்பிப் போனது, மறுபடி சற்றுக் கூடுதலாக இழுத்தோம். சுண்ணாம்புச் சோதனையில் விரிசல் 70 மி.மீ. அல்ல, 110 மி.மீ. என்று தெரிந்தது. உள்ளூர் மெக்கானிக்கே அதை நேரில் பார்த்துவிட்டு, கனத் தகடு யோசனையைத் தானாகவே திரும்பப் பெற்றுக்கொண்டார். சட்டத்தின் முன்பகுதிக்குள் கல்போல் இறுகிய செம்மண் மட்டும் அரைச் சாக்கு வந்தது.

கிங் பின் கப்புகளில் நகம் தட்டியது, ஐயா எழுதியபடியே. பெல் கிராங்க் தண்டிலோ ஊசிகள் வெட்டிய கோடுகள் கண்ணுக்கே தெரிந்தன. ஆகவே உங்கள் இருவரின் வழக்கில் தீர்ப்பு சமன். தராசில் இடப்பக்கம் 2.2 கிலோ, வலப்பக்கம் 2.4 கிலோ வைத்திருக்கிறேன்.

ஸ்டீயரிங்கை இடப்பக்கத்துக்கே மாற்றிவிட்டேன். கடைசல்காரர் மன்னிக்க வேண்டும். டிராக் லிங்க்கைப் பக்கவாட்டில் நின்று பார்த்தபோது அது மாடிப்படிக் கைப்பிடிபோல் சரிந்து நின்றது, அதைப் பார்த்த பிறகு வேறு முடிவெடுக்க மனம் வரவில்லை. இடப்பக்கத்து ராஸ் பாக்ஸ் ஒன்று சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது. கேமில் தேய்மானம் உண்டு, ஆனால் குமிழ்கள் நன்றாக இருக்கின்றன. சேஸிஸின் பழைய மூன்று துளைகளில் போல்ட்டுகள் ஒன்றையும் அகலப்படுத்தாமல் நேரே இறங்கின.

முன்சக்கரங்களின் டோ இன், அதாவது அவை முன்பக்கம் ஒன்றை ஒன்று நெருங்கி நிற்கும் அளவு, 2 மி.மீ. இருக்கிறது. இப்போது 45 கிலோமீட்டர் வேகத்தில் அதே குழியில் இறக்கிப் பார்த்தேன், ஒரு குலுக்கலோடு சரி, உதறல் இல்லை. ஸ்டீயரிங்கில் ஆட்டம் ஒரு விரற்கடைக்கும் சற்று அதிகம். பிரேக்கில் மட்டும் இன்னும் லேசாக இடப்பக்கம் இழுக்கிறது. முறுக்கு எதிர்ப்புப் பட்டை என் வண்டியில் இல்லை, அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது கிடைக்கும்வரை இந்த இழுப்புக்கு வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

கடைசல்காரன்:

மன்னித்தேன், ஆனால் ஊட்டிச் சாலையில் பேருந்துக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

பட்டையைத் தேடும் முன் இடப்பக்க டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். நக்கிள் உருண்டையிலிருந்து ஆயிலோ கிரீஸோ கசிந்து உள்ளே போனால், சிறிதளவு நனைந்த லைனிங் முதலில் கவ்விப் பிடிக்கும், நன்றாக ஊறிய பிறகுதான் வழுக்கும். பேரிங் மாற்றியபோது பழைய ஆயில் சீலையே திரும்பப் போட்டிருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். லைனிங் நனைந்திருந்தால் பெட்ரோலில் கழுவித் தேய்த்துப் போடலாம் என்று நினைக்க வேண்டாம், இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிதாக மாற்றிவிடுங்கள்.

தேயிலைச்சரிவு:

இன்று காலை கழற்றிப் பார்த்தேன். இடப்பக்க லைனிங்கின் உட்பாதி கறுத்து ஈரமாக இருக்கிறது. ஆயில் சீலைப் பழையதாகவேதான் போட்டிருந்தேன், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நான்கு ஷூவுக்கும் லைனிங் ஒட்டக் கொடுத்தாயிற்று. எண்ணில் உள்ள ஓர் இலக்கத்தைத் திருத்துவதற்கான விண்ணப்பத்தையும் பென்சில் படியோடு சேர்த்து நேற்றுக் கொடுத்துவிட்டேன், வண்டியை நேரில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். லைனிங் வந்ததும் ஓட்டியே போகலாம் என்று இருக்கிறேன்.